ஒரு தரம்தான் கேட்டான்

இந்த வண்டி மண்டேலா நகர்ல நிக்குமா தம்பி? நிக்கும்னுதான் கண்டக்டரும் சொன்னாரு. ஏர்போர்ட்டுக்குப் போறவங்க அங்கனதான் இறங்கணுமாம். நான் இறங்குவேனான்னுதான் எனக்குத் தெரியலை. டிக்கெட்டு மாட்டுத்தாவணிக்கு எடுத்து வச்சிருக்கேன். இறங்கலைன்னா நேரா பஸ் ஸ்டாண்டுக்குப் போயி, ஒரு காப்பியைக் குடிச்சிட்டு, அடுத்த தூத்துக்குடி வண்டியில ஏறிருவேன். வீட்டுல கேட்டா பிளேன் ரத்துன்னு சொல்லிக்கிடலாம்.

அய்ய, வேண்டாம் வேண்டாம். மக்ரூனா? மகளுக்குன்னு வாங்கிட்டுப் போறீங்க, எனக்கு எதுக்கு. சுகர் வேற இருக்கு. இருக்கட்டும்.

மூடி வச்சிட்டீங்க. அதுவும் நல்லதுதான். காத்துப் பட்டா நமுத்துப் போகும்.

அந்த ஜன்னலைக் கொஞ்சம் தள்ளி விடுங்க. ஆங், போதும். இந்தப் பேண்ட்டைப் போட்டு நாலஞ்சு வருஷம் ஆச்சு, உக்காரவும் விட மாட்டேங்குது, நிக்கவும் விட மாட்டேங்குது. எங்க போறேன்னு கேக்கீங்களா? பிலிப்பைன்ஸு. சிரிக்காதீங்க, நிசமாத்தான். என் பேரு இஞ்ஞாசி கொரேரா. பனிமயமாதா கோயிலுக்குத் தெக்கால வந்து கப்பல் குக்கு இஞ்ஞாசின்னு கேட்டா சின்னப் பிள்ளையும் வீட்டைக் காட்டும். படிச்சது அஞ்சாப்பு. ஆனா நான் சமைச்சுப் போட்டுச் சாப்பிடாத நாட்டுக்காரன் கிடையாது.

அங்க இலோய்லோன்னு ஒரு ஊரு. நம்ம ஊரு மாதிரியே துறைமுகம், மீனு, உப்புக்காத்து. அங்க ரொதேலியோன்னு ஒருத்தன். தெலியோன்னு கூப்பிடுவோம். இப்ப அந்த ஊருல அவனைத் தெரியாத ஆளு இல்ல. ஓட்டலு மட்டும் பதினொண்ணு. அதுபோக மாடி மாடியா கட்டடம், காலேஜுப் பிள்ளைகளுக்கு விடுதி, கடைத்தெருவுல முக்கு முக்கா இடம். அவன் மகளுக்குக் கல்யாணம். அந்தப் பிள்ளைக்கு நான் ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்துல பிள்ளையைக் கையில ஏந்துவாங்கல்லா, அது. எங்க ஆளுகளுக்கு அது பெரிய உறவு. அவங்களுக்கு அதைவிடப் பெருசு, கூடப்பிறந்தவன் கணக்குத்தான்.

போகணும்தான். இல்லைங்கலை. ஆனா தெலியோ கூப்பிடலையே தம்பி. பிள்ளைதான் போன்ல கூப்பிட்டுச்சு. அவன் வாயைத் திறந்து வான்னு சொன்னானா? கூப்பிடாதவன் வீட்டுல போயி எப்படி உக்காருறது, நீங்களே சொல்லுங்க. அதான் காலையில இருந்து மனசு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது.

நீங்க கேப்பீங்க, ஒரு தரம்கூடக் கூப்பிடலையான்னு. கூப்பிட்டான். ஒரே ஒரு தரம். அதைத்தான் சொல்ல வாறேன்.

ஒரு சரக்குக் கப்பல்ல அவன் சீப் குக்கு, நான் ரெண்டாவது குக்கு. அவனைவிட நான் ஒரு வயசு மூப்பு. அதனால மேல உள்ளவன் அவன்தான்னாலும் என்னை நோங்னுதான் கூப்பிடுவான். அவங்க பாஷையில அண்ணன். நோங் இன்யாஸ்யோ. நம்ம புனிதருங்க பேரெல்லாம் அவங்களுக்கும் உண்டு, கொஞ்சம் ராகம் போட்டுச் சொல்லுவாங்க.

நான் கப்பல் ஏறின அன்னிக்கு, எல்லாருக்கும் போட்டு முடிச்சிட்டு அவன் தட்டை வச்சுக்கிட்டு உக்காந்தான். என்னைப் பாத்து 'காவோன் தா'ன்னான். சாப்பிடுவோம் வான்னு அர்த்தம். நான் நம்ம வழக்கப்படி, இல்லப்பா பரவால்ல, நீ சாப்பிடுன்னேன். அவம்பாட்டுக்குச் சாப்பிட ஆரம்பிச்சிட்டான். நான் பட்டினியாப் போயிப் படுத்தேன். மறுநாளு கேட்டேன், ஏம்ப்பா, ஒரு தரம் கேட்டுட்டு விட்டுட்டியே, இதுதான் உங்க ஊரு பழக்கமான்னு. அவன் சிரிச்ச சிரிப்புல கரண்டி கீழ விழுந்துட்டு. அவங்க ஊருலயும் அதே கதைதானாம். முதல் தரம் கூப்பிடுறது வழியில போறவனுக்கும் சொல்லுறது. ரெண்டாந்தரம் மரியாதைக்கு. மூணாந்தரம் கூப்பிட்டாத்தான் பானையில சோறு இருக்குன்னு அர்த்தம். இந்தியாக்காரன் வேண்டாம்னா வேண்டாம்தான்னு நினைச்சு அவன் விட்டுட்டானாம். நான் எங்க கணக்கைச் சொன்னேன். முதல் தரம் வேண்டாம்கிறது கூச்சம். ரெண்டாந்தரம் கௌரவம். மூணாந்தரம் வாயைத் திறக்காம இலை முன்னால உக்காந்துருவோம்.

அதுக்குப் பிறகு தினமும் அதே கூத்துதான். அவன் காவோன் தா, காவோன் தா, காவோன் தான்னு மூச்சு விடாமச் சொல்லுவான். நான் வேண்டாம், வேண்டாம்னு ரெண்டு சொல்லிட்டுத் தட்டை எடுப்பேன். கேப்டன்கூட எட்டிப் பாத்துச் சிரிப்பாரு.

இதை ஏன் சொல்லுதேன்னா, மூணு தரம் கேக்கணும்னு அவனுக்குத் தெரியும். தெரியாதவன் இல்ல. தெரிஞ்சும் ஒரு தரம்தான் கேட்டான். அதுதான் தம்பி எனக்கு ஆறலை.

எட்டயபுரம் வந்துட்டா? வேகமாத்தான் போறான் டிரைவரு. இவ்வளவு வேகம் எதுக்கு.

கப்பல் அவங்க ஊருத் துறைமுகத்துக்கே போச்சு. போன இடத்துல முதலாளி கையை விரிச்சிட்டான். எண்ணெய் போட்டவனுக்குப் பாக்கி, துறைமுகத்துக்குப் பாக்கி, எங்களுக்குச் சம்பளம் இல்ல. கப்பலைப் பிடிச்சுக் கட்டி வச்சிட்டாங்க. எங்களையும் சேத்துத்தான். மழைக்காலம் தொடங்கினப்பக் கட்டினது, அடுத்த வெயிலு வரைக்கும் கிடந்தோம். அரிசி தீந்து போச்சு. தெலியோவுக்கு என்ன, வீடு பக்கத்துல. கிளம்பிப் போயிருக்கலாம். போகலை. துறைமுகத்து வாசல்ல ஒரு தார்ப்பாயைக் கட்டினான். கப்பல்ல இருந்த பெரிய அலுமினியப் பானைகளைத் தூக்கிட்டு வந்து வரிசையா வச்சான். அவன் பெண்டாட்டி லூர்திஸு விடியங்காட்டி மீன் வாங்கிட்டு வந்துரும். நான் குழம்பு வைப்பேன், அவன் பன்னிக்கறி, துவரம்பயறு, பலாக்காய் எல்லாம் போட்டு ஒண்ணு வைப்பான். வாறவன் பானையைத் திறந்து பாத்து, இது, இதுன்னு விரலால காட்டுவான். காட்டினதை அள்ளிச் சோத்துல ஊத்தணும். அதுதான் அங்க சாப்பாட்டுக் கடை.

என் மீன் குழம்புக்கு ஆளு நின்னுது தம்பி. பெருமைக்குச் சொல்லலை. அவங்க புளிப்புக்குப் பத்துவான்னு ஒரு காயைப் போடுவாங்க, நம்ம குடம்புளிக்குச் சொந்தக்காரன் மாதிரி இருக்கும். நான் ஒத்துக்கிடலை. கடைத்தெருவெல்லாம் அலைஞ்சு பழைய புளியாத் தேடி எடுத்து, தேங்காய் அரைச்சு, நம்ம ஊரு பக்குவத்துல வச்சேன். சுமை தூக்குறவனெல்லாம் சட்டியை வழிச்சிட்டுப் போவான்.

அந்தத் தார்ப்பாய்க்குக் கீழ உக்காந்துதான் அவன் கதையைச் சொன்னான். அவங்க அம்மா பஸ் நிக்கிற இடத்துல, யாரோ ஒரு கடைக்காரன் கூரைக்கு முன்னால சோறு வித்தவ. கொஞ்சம் கூட்டம் சேந்தா கடைக்காரன் வாடகையை ஏத்துவான். பானையைத் தலையில தூக்கிட்டு அடுத்த கூரைக்குப் போவா. அங்கயும் கூட்டம் சேரும், அங்கயும் ஏத்துவான். கொதிக்கிற பானையோட ஒரு தரம் வழுக்கி விழுந்து கழுத்துலயும் தோள்லயும் வெந்து போச்சாம். அந்தத் தழும்பைப் பாத்து வளந்தவன். 'பானைக்கு அடியில இருக்கிற மண்ணு நம்ம மண்ணா இருக்கணும் நோங்'னு சொல்லுவான். ஓட்டல்காரன் எதுக்கு இடமா வாங்கிக் குவிக்கான்னு பிற்பாடு ஊரே பேசிச்சு. பேராசைன்னு சொன்னவனும் உண்டு. எனக்குத்தான் தெரியும் அது அந்தத் தழும்புன்னு.

சரி, விசயத்துக்கு வாறேன். மாலுமிச் சங்கத்துல இருந்து எங்களுக்கு ஊருக்குப் போக ஏற்பாடு பண்ணி வேன் அனுப்பினாங்க. வேன் வாசல்ல வந்து நிக்கு. பையைத் தூக்கிட்டு அவன்ட்ட சொல்லிக்கிடப் போனேன். மீனுக்குச் செதில் தேச்சுக்கிட்டு இருந்தான். தலையைத் தூக்காமலே சொன்னான்.

'நோங், போகாதே. கடையில பாதி உனக்கு. போர்டுல ரெண்டு பேரு பேரும் போடுவோம்.'

நான் என்ன சொல்லணும்? ஆகட்டும்னு உடனே பல்லை இளிக்கவா முடியும்? 'அதெல்லாம் எதுக்குப்பா, எனக்கு ஊரு இருக்கு, குடும்பம் இருக்கு'ன்னேன். சொல்லிட்டு நின்னேன். செதில் தேச்ச கத்தி நின்னுட்டு. வாயைத் திறந்தான். அந்நேரம் பாத்து ஒருத்தன் வந்து பானையைக் காட்டி இது என்னன்னு கேட்டான். தெலியோ எந்திரிச்சு அவனுக்குச் சோறு போடப் போயிட்டான். வேன்காரன் ஆரன் அடிக்கான். நான் இன்னும் கொஞ்சம் நின்னேன். பையோட வாரைச் சரி பண்ணுற மாதிரி நின்னேன். பிறகு ஏறிட்டேன். திரும்பிப் பாத்தப்ப கையில கரண்டியோட அவன் வேனைத்தான் பாத்துக்கிட்டு நிக்கான்.

ரெண்டு தரம் பாக்கி இருந்துச்சு தம்பி. கேட்டிருந்தா என் வாழ்க்கையே வேற. நான் ஏதோ கூடக் கேட்டேனா? கேட்டானா அவன்? இல்லையே.

அதுக்குப் பிறகு அவன் ஏறின ஏத்தத்தைச் சொல்லணும். தார்ப்பாய்க்குப் பின்னால ஒரு கிழவியோட பழைய வீடு. அந்தம்மாவுக்குத் தினமும் மத்தியானச் சோறு தெலியோதான் கொண்டுபோய்க் கொடுப்பான், மீன்ல முள்ளை எடுத்துட்டு. அவ மகன்மாரு வீட்டை விக்கணும்னு வந்தப்ப, எனக்குச் சோறு போட்டவனைக் கேட்டுட்டு வேற ஆளைக் கேளுங்கன்னுட்டா. அந்த மண்ணுதான் முதல்ல வாங்கினது. கீழ ஓட்டலு, மேல வாடகை அறை. அதுல வந்ததை வச்சு அடுத்தது.

அவன் இடம் வாங்குற விதம் தனி. புரோக்கரு பேச்சைக் கேக்க மாட்டான். பிடிச்ச இடத்துக்கு முன்னால ஒரு தள்ளுவண்டியைப் போட்டு ஒரு மழைக்காலம் முழுக்கச் சமைச்சு விப்பான். எந்தப் பக்கத்துல இருந்து ஆளு வருது, தண்ணி எங்க தேங்குது, சாயங்காலம் எந்தச் சுவத்துல வெயிலு விழுது, எல்லாம் பாத்துட்டுத்தான் பேச்சு. ஊரே போயி விழுந்து விழுந்து வாங்கின ஒரு புது மனைப்பிரிவை இவன் தொடலை. வண்டிச் சக்கரம் பாதி முங்குற அளவுக்குத் தண்ணி நின்னதைப் பாத்திருக்கான். வாங்கினவங்க பிறகு அழுதாங்க. இவனும் அழுதிருக்கான், இல்லைங்கலை. மணிலாவுல போயி பெருசா ஒரு ஓட்டலைத் திறந்து, மூடிட்டு வந்தான். அங்க தள்ளுவண்டி போட்டுப் பாக்கலை, கோட்டு சூட்டு போட்ட ஆளுங்க சொன்னாங்கன்னு திறந்துட்டான். ஒரு புயல்ல ரெண்டு கூரை பறந்துச்சு. கூரை இல்லாத ஓட்டல்ல நின்னுக்கிட்டு, வந்தவனுக்கெல்லாம் கஞ்சி ஊத்தினானாம். அப்படிப்பட்ட ஆளு.

அப்படிப்பட்ட ஆளுக்கு என்னை ரெண்டாந்தரம் கூப்பிட வாய் வரலை, பாருங்க.

பந்தல்குடி தாண்டிட்டோமா? தண்ணி இருக்கா? இருக்கட்டும், என்கிட்டயே இருக்கு. கேக்கணும்னு கேட்டேன்.

நான் வேற கப்பல்ல போயிட்டிருந்தேன். ஒரு தரம் அந்தத் துறைமுகத்துக்கே சிமெண்டு இறக்கப் போனோம். தெலியோ காரெடுத்துட்டு வந்துட்டான். புதுக் கட்டடத்தைக் காட்டுனான். கீழ அடுப்பு, மேசை, எல்லாம் பளபளன்னு. மேல கூட்டிட்டுப் போயி மூலையில ஒரு அறையைத் திறந்தான். கட்டிலு, மேசை, மாதா படம், ஜன்னலைத் திறந்தா கப்பல் நிக்கிறது தெரியுது. அடுப்படிக்கு நேர் மேல இருக்கு, குழம்பு வாசம் அப்படியே வருது. அந்தச் சாவியை எடுத்து என் கையில வச்சான். ஒண்ணும் பேசலை. என் மூஞ்சியையே பாக்கான்.

பெருமையைக் காட்டுதான், வேற என்ன. நானும் விட்டுக் கொடுக்கலை. அறை நல்லாருக்கு, காத்து நல்லா வருது, கடல் தெரியுறதால வாடகை கூடவே கேக்கலாம்னு சொல்லிட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். அவன் மூஞ்சி ஒரு மாதிரி ஆயிட்டு. அவன் கட்டின கட்டடத்துக்கு நான் நொட்டை சொல்லுதேன்னு நினைச்சிருப்பான் போல. கூத்து என்னன்னா, அந்த அறையை இன்னிக்கு வரைக்கும் வாடகைக்கு விடலையாம். பூட்டியே வச்சிருக்கான். லூர்திஸு வாராவாரம் கூட்டிப் பெருக்குதாம். அத்தனை கட்டடம் கட்டினவனுக்கு அந்த ஒரு அறையில கணக்குத் தெரியலை பாத்தீங்களா.

பிறகு அவனுக்குப் பொம்பளைப் பிள்ளை பொறந்துச்சு. எங்க பக்கத்து வீட்டுப் போனுக்குக் கூப்பிட்டான். நீதான் ஞானத்தகப்பன், பிள்ளையை ஏந்த வா, வந்தா அவசரமாப் போகாதே, பிள்ளை வளருறதைப் பாத்துட்டு மெதுவாப் போன்னான். பிள்ளை வளருறதுன்னா என்ன, ஒரு வாரமா ரெண்டு வாரமா? எனக்கு அப்பக் கப்பல் ஏற நாளு குறிச்சாச்சு. முடியாதுப்பான்னேன். அவங்க வழக்கத்துல வர முடியாதவனுக்குப் பதிலா இன்னொருத்தன் நிக்கலாம். நிக்க வச்ச விதத்தைக் கேளுங்க. கப்பல் பிடிபட்டுக் கிடந்தப்ப நான் விட்டுட்டு வந்த கட்டம் போட்ட சட்டை ஒண்ணு. அதைத் துவைச்சுத் தேச்சு, தன் தம்பிக்கு மாட்டிவிட்டு, பிள்ளையை அவன் கையில கொடுத்திருக்கான். போட்டோ அனுப்பினான். அந்தத் தம்பி ஒல்லிப் பய. சட்டை தொளதொளன்னு கிடக்கு. பிள்ளைக்குப் பேரு இக்னாசியா. இஞ்ஞாசியார் திருநாளை ஒட்டிப் பொறந்திருக்கும்.

எங்க வீட்டுல பிலோமி அந்தப் போட்டோவைப் பாத்துட்டு ஒரு மாதிரிச் சிரிச்சா. 'உங்களை ஒரு மனுசன் எத்தனை தரம்ங்க கூப்பிடணும்'னா. பொம்பளைக்கு என்ன தெரியும்? ஒரு பழைய சட்டைதானேன்னு விட்டுட்டேன்.

அதுக்கும் பிறகு பெரிய ஓட்டலைத் திறந்தான். ஆத்தோரமா, ஐநூறு பேரு உக்காந்து சாப்பிடலாமாம். திறப்பு விழாவுக்கு எனக்கும் பிலோமிக்கும் பிளேன் டிக்கெட்டு அனுப்பி வச்சான், விடுமுறைக்கு வந்த நம்ம ஊருக் கப்பல்காரப் பையன் கையில. போக மட்டும்தான் டிக்கெட்டு இருக்கு, வரதுக்கு இல்ல. பாருங்க, அவ்வளவு சம்பாதிச்சவன், பாதி டிக்கெட்டு. நம்ம வீட்டு விசேசத்துக்கு நாம எப்படிச் சொல்லுவோம்? நேர்ல வந்து, உக்காந்து, தண்ணி குடிச்சு, அவசியம் வந்துரணும்னு சொல்லிட்டுப் போவோம். தாளை அனுப்பிட்டா ஆச்சா? போகலை. வரலைன்னும் சொல்லலை. அப்படியே பீரோவுக்குள்ள கிடந்துச்சு.

அதோட அவன் போன் நின்னு போச்சு. வருசம் ஓடிட்டு. அந்த ஓட்டல்கள்ல எல்லாம் மீன் குழம்புக்கு இன்யாஸ்யோன்னு பேரு வச்சு விக்கான்னு போயிட்டு வந்த பையன்க சொன்னாங்க. என் பக்குவம், என் பேரு, அவன் யாவாரம். ஒரு வார்த்தை கேட்டானா?

அருப்புக்கோட்டையில பத்து நிமிசம் நிக்கும்னாரு. இறங்கிக் காலை நீட்டிட்டு வாறேன். பையைப் பாத்துக்கிடுங்க. அதுல புளி இருக்கு, மேல எதையும் வச்சிராதீங்க.

ம். டீ வாயில வைக்க முடியலை. ஒரு டீ போடத் தெரியலை, பஸ் ஸ்டாண்டுல கடை.

என்ன கேட்டீங்க? புளியா? பிலோமிதான் வச்சா. ஏர்போர்ட்டுல விடுவானோ என்னமோ. மூணு வருசப் புளி, கருகருன்னு இருக்கும். ஒரு கடையில தந்ததைத் திருப்பிக் கொடுத்துட்டு, கீழூருக்குப் போயித் தேடி எடுத்தேன்.

எடுத்தேன்னா, அவ சொன்னா, நான் எடுத்தேன்.

இப்பப் போன மாசம் அந்தப் பிள்ளை இக்னாசியா கூப்பிட்டுச்சு. போன்ல மூஞ்சி தெரியுற மாதிரி. அப்படியே லூர்திஸு ஜாடை. இப்ப யாவாரம் பூரா அதுதான் பாக்கு. தெலியோவுக்கு வலது பக்கம் இழுத்துட்டாம். கை வரலையாம். கரண்டி பிடிச்ச கை தம்பி அது. மத்தியானமானா அந்தப் பூட்டின அறையைத் திறக்கச் சொல்லி, கடலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பானாம். இதையெல்லாம் சொல்லிட்டு, ஞானப்பா, எனக்குக் கல்யாணம், நீங்க வரணும்னுச்சு. நான் கேட்டேன், உங்கப்பா ஏம்மா கூப்பிடலைன்னு. அதுக்கு அது சொல்லுது, 'அப்பாகிட்டக் கேட்டேன். அவரு மூணு தரம் கேட்டாச்சுன்னு சொல்லுதாரு. அதுக்கு மேல கேட்டா நோங்குக்குத் தொந்தரவுங்கிறாரு. அதனால நான் கேக்கேன். எனக்கு ஒரு தரம்தான் கேக்கத் தெரியும். காவோன் தா.' அம்புட்டுத்தான், வச்சிட்டுது.

மூணு தரமாம். எப்பக் கேட்டான்? அன்னையில இருந்து நானும் எண்ணிப் பாக்கேன், ஒண்ணுதான் வருது. செதில் தேச்சுக்கிட்டுக் கேட்டது. வேற எதுவும் வரமாட்டேங்குது. உடம்புக்கு முடியாதவன் பொய் சொல்லுவானா? வயசாயிட்டுல்லா, நினைவு தப்பிருக்கும். பிலோமிகிட்டச் சொன்னேன். அவ பரண்ல இருந்து பையை இறக்கித் தூசி தட்டினா. காலையில பஸ் ஏத்திவிட வந்தா. எப்ப வருவீங்கன்னு கேக்கவே இல்ல தம்பி. நாப்பத்தி சொச்சம் வருசத்துல நான் கிளம்பி அவ கேக்காம இருந்தது கிடையாது.

காரியாபட்டி போயிட்டா? அப்ப இன்னும் கொஞ்ச நேரம்தான்.

என்ன கேக்கீங்க? சாவியைக் கொடுத்தப்ப என்ன சொன்னானா? அதான் சொன்னேனே, ஒண்ணும் சொல்லலை. கையில வச்சான், மூஞ்சியைப் பாத்தான். சொல்லாம எப்படிக் கேட்டதாகும்? வாய்விட்டுக் கேக்கணும்லா. நீங்க இப்ப எனக்கு மக்ரூனை நீட்டினீங்க, வாயைத் திறந்தும் கேட்டீங்க. ரெண்டும் வேணும். டப்பாவை மட்டும் நீட்டினா அது...

இல்ல. அது எப்படிக் கணக்காகும்?

சட்டையா? சட்டையை விடுங்க. ஒரு சட்டையைத் தம்பிக்குப் போட்டுவிட்டா அதுக்கு அர்த்தம் என்ன? நீங்க பிலோமி மாதிரியே பேசுதீங்க. அந்த டிக்கெட்டு போறதுக்கு மட்டும்தான் இருந்துச்சு, அதையும் கேக்கப் போறீங்க. கேக்காதீங்க. வெளிய பாருங்க, மழை வருமோ.

கொஞ்சம் எந்திரிச்சு வழி விடுங்க தம்பி. இல்ல, இறங்கணும்னு இல்ல. காலு மரத்துப் போச்சு, நிக்கேன். அந்தப் பையை எடுங்க. சும்மாதான், மடியில வச்சுக்கிடலாமேன்னு.

ரிங் ரோடா இது? கண்டக்டரே, மண்டேலா நகர்ல ஒருத்தரு இறங்கணும். ஆமா, நான்தான். டிக்கெட்டு மாட்டுத்தாவணிக்கு எடுத்தா இங்க இறங்கக் கூடாதா என்ன?

நீங்க ஒண்ணும் நினைச்சுக்கிடாதீங்க. அவன் கூப்பிட்டான்னு நான் போகலை. அந்தப் பிள்ளை குழம்புல இப்பப் பத்துவான் காயைப் போடுதாம். என் பேரை வச்சுக்கிட்டு. பத்துவான் போட்டா அது யாரு குழம்பு? இந்தப் புளியைக் கரைச்சு, ஒரு தரம் பக்குவத்தைக் காட்டிட்டு வந்துரணும். வரதுக்கு டிக்கெட்டு போடலை. அங்க போயிப் போட்டுக்கிடலாம்னு பிலோமிதான் சொன்னா.

வண்டி நிக்கப் போகுது. அந்த மக்ரூன் டப்பாவை இங்க தாங்க. நீங்க இன்னொரு தரம் கேட்டிருக்கலாம், சரி, போகட்டும். ரெண்டு எடுத்துக்கிடுதேன். ஒண்ணு அவனுக்கு. அவனுக்குக் கை வராது, வாயில வச்சுத்தான் விடணும். வேண்டாம்பான், எனக்குத் தெரியும். வேண்டாம்னு தலையைத் திருப்பிக்கிட்டுக் கடலைப் பாப்பான்.

சொல்லட்டும். நான் திருப்பிக் கேப்பேன்.